தூணில் ஒரு பெயர், ஏட்டில் எல்லாப் பெயரும்

(கல்விச் சங்க வெள்ளிவிழா அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நம் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. இவ்வேளையில் உறுப்பினர்கள் பலரும் ஒரு கேள்வியை எழுப்பி வருகின்றனர். வெள்ளிவிழா நினைவாக ஊர் எல்லையில் ஒரு தூண் எழுப்பினால் என்ன என்பதே அக்கேள்வி. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையில் போவோர் வருவோர் எல்லாம் அண்ணாந்து பார்க்கும்படி நமக்கும் ஓர் அடையாளம் வேண்டும் என்று இளைஞர்கள் விரும்புகிறார்கள். அந்த விருப்பம் நியாயமானது. நூற்றாண்டுக் கணக்கில் தலைகுனிந்து நடக்கப் பழக்கப்பட்ட மக்கள், தலைநிமிர்ந்து பார்க்க ஒன்றை விரும்புவதில் வியப்பில்லை. எனினும் தூண் எழுப்புவதற்கு முன்னர், உலகம் எழுப்பிய தூண்கள் யாரைச் சொல்கின்றன, யாரை மறைக்கின்றன என்று படித்தறிவது கல்விச் சங்கத்தாருடைய கடமையாகும். ஆகவே ஒரு பழைய அச்சுப்படத்தை இன்று உங்கள் முன் பாடமாக வைக்கிறோம்.

ஸ்காட்லாந்து நாட்டின் தலைநகர் எடின்பரோ. அந்நகரின் நடுவே கால்டன் குன்று என்ற சிறு மலை உண்டு. தாமஸ் ஷெப்பர்டு என்ற ஓவியர் அந்நகரின் காட்சிகளை வரைய, அவை உருக்குத் தகடுகளில் செதுக்கப்பட்டு 1829-இல் ஒரு நூலாக வெளிவந்தன. அக்காட்சிகளிலும், அக்காலத்து வேறு பல அச்சுப்படங்களிலும் குன்றின் உச்சியில் ஓர் உயர்ந்த கோபுரம் நிற்பதைக் காணலாம். கவிழ்த்து நிறுத்திய தொலைநோக்கிக் குழாயைப் போன்ற வடிவம். ஏறத்தாழ 100 அடி உயரம். உள்ளே 143 படிகள். அது கடற்படைத் தளபதி நெல்சனுக்கு எழுப்பப்பட்ட நினைவுக் கோபுரம்.

நெல்சன் 12 வயதிலேயே கடற்படையில் சேர்ந்தவர். இளம் பருவத்தில் சீஹார்ஸ் என்ற போர்க்கப்பலில் 1774-இல் நம் சென்னைத் துறைக்கு வந்தார். 1776-இல் கடும் காய்ச்சலுற்று நாடு திரும்பினார். 1798-இல் எகிப்தின் நைல் நதி முகத்துவாரத்தில் நெப்போலியனுடைய கப்பற்படையை அழித்தார். இந்தியாவுக்கு வரும் வழி பிரெஞ்சுக்காரருக்கு அடைபட்டது என்று மகிழ்ந்த கிழக்கிந்தியக் கும்பினி அவருக்கு 10,000 பவுண்டு பரிசளித்தது. கும்பினியின் பணம் என்பது யாருடைய பணம்? இந்திய உழவர்கள் கொடுத்த நிலவரியும் அதில் உண்டு. அடுத்த ஆண்டு, 1799-இல்தான், கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். எங்கோ நிகழ்ந்த கடற்போருக்கும் இந்தக் கரிசல் மண்ணுக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணிவிடலாகாது.

1805 அக்டோபர் 21 அன்று டிரபால்கர் கடற்போரில் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பற்படைகளை வென்ற நாளிலேயே நெல்சன் குண்டடிபட்டு மாண்டார். எடின்பரோ நகரத்தார் நன்கொடை திரட்டி 1807-இல் கோபுரத்தைத் தொடங்கினர். வேலை இடையில் தடைப்பட்டு 1816-இல் நிறைவெய்தியது. அதன் வாயிலின் மேலுள்ள கல்வெட்டு ஒரு செய்தியைச் சொல்கிறது. வீணே துயரப்படுவதற்காகவோ, வீரனின் புகழைப் பாடுவதற்காகவோ இதை எழுப்பவில்லை. தம் பிள்ளைகள் அவரைப் பின்பற்றிக் கடமை அழைக்கும்போது நாட்டுக்காக உயிர் கொடுக்கக் கற்க வேண்டும் என்பதற்காகவே எழுப்பினோம் என்பது அதன் சாரம். ஆக, கோபுரம் என்பது கல்லால் ஆன பாடநூல் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பாடநூல் என்றால் நாமும் படிக்கலாம், கேள்வியும் கேட்கலாம்.

முதலில் அச்சுப்படத்தைப் பாருங்கள். இத்தகைய படங்களில் கோபுரத்தின் அடியில் சிறு சிறு மனித உருவங்களை வரைவது அக்கால வழக்கம். கோபுரம் எவ்வளவு பெரியது என்று காட்டவே அவர்கள் அங்கே நிற்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை. கோபுரத்தின் உயரத்தை அளக்கும் அளவுகோலாக மட்டுமே அவர்கள் பயன்படுகிறார்கள். நம் மக்கள் வரலாற்றில் நிறுத்தப்பட்ட இடமும் இதுதான் அல்லவா?

ஆனால் அதே படத்தின் கீழ்விளிம்பைக் கவனியுங்கள். அக்காலத்துச் செதுக்கோவியங்களில் பொதுவாக இடப்பக்கம் வரைந்தவர் பெயர் இருக்கும். வலப்பக்கம் தகட்டில் செதுக்கியவர் பெயர் இருக்கும். நடுவே வெளியிட்டவர் பெயர் இருக்கும். உருக்குத் தகட்டில் கோடு கோடாகக் கீறி, அக்கீறல்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுப்பது பெரும் உழைப்பு. எழுத்துகளையும் உருவங்களையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அந்த உழைப்பாளியின் பெயரைக் காகிதம் மறக்கவில்லை. கல்லை உடைத்தவர், குன்றின் மேல் சுமந்தவர், சாரத்தில் நின்று அடுக்கியவர் ஆகியோரில் ஒருவர் பெயரையும் அந்த வாயிற்கல்வெட்டு சொல்லவில்லை.

இரண்டாவதாக, நெல்சனுடன் போரிட்டவர்களைப் பற்றிக் கேட்போம். அவருடைய விக்டரி என்ற கப்பலில் மட்டும் 800-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். கப்பலின் ஆட்பதிவேடு அவர்களுடைய பெயர், வயது, பிறந்த ஊர் ஆகியவற்றை வரிசையாகக் குறித்திருக்கிறது. அதனால்தான் இருபதுக்கும் மேற்பட்ட நாட்டினர் அக்கப்பலில் இருந்தனர் என்பது இன்று தெரிகிறது. ஆப்பிரிக்கர், மேற்கிந்தியத் தீவினர் ஆகியோரோடு இந்தியாவில் பிறந்தவர்களும் அவர்களிடையே இருந்தனர். லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் நிற்கும் நெல்சன் தூணின் அடிப்பீடத்தில் அவருடைய மரணக் காட்சி வெண்கலத்தில் வார்க்கப்பட்டிருக்கிறது. அதில் கையில் துப்பாக்கியுடன் ஒரு கறுப்பின மாலுமி நிற்கிறார். அடியில் வார்த்த உருவமாக அவருக்கு இடம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. ஆட்பதிவேடு இல்லையேல் அவரையொத்தவர்கள் அப்போரில் இருந்ததையே உலகம் மறந்திருக்கும்.

எடின்பரோ கோபுரத்தின் அடித்தளத்தில் சில அறைகள் உண்டு. உடல் ஊனமுற்ற மாலுமிகளை அங்கே குடியமர்த்தலாம் என்றுதான் முதலில் எண்ணியிருந்தனர். பின்னர் அந்த அறைகள் சிற்றுண்டி விற்பவருக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. தளபதிக்குக் குன்றின் உச்சி கிடைத்தது. காலிழந்த மாலுமிக்கு ஓர் அறையும் கிடைக்கவில்லை. நினைவுச் சின்னம் எழுப்புவோர் மறக்கக்கூடாத செய்தி இது.

மூன்றாவதாக, வீரனையும் முழுமையாகப் படிக்க வேண்டும். நெல்சனின் துணிவை மறுப்பாரில்லை. ஆனால் 1805-இல் ஜமைக்காத் தீவின் பெருந்தோட்ட முதலாளி சைமன் டெய்லர் என்பவருக்கு அவர் எழுதிய மடலில், அடிமை வாணிகத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்பர்போர்சை இகழ்ந்தார். தோட்ட முதலாளிகளின் பக்கம் நின்றார். வென்றவன் ஒரு மக்களுக்கு வீரன்; சங்கிலியில் கிடந்த மற்றொரு மக்களுக்கோ அவன் விலங்குக்குக் காவலன். அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1809-இல் நிறைவெய்திய நெல்சன் தூண் 1966 மார்ச்சில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. பார்படோஸ் தீவில் 1813 முதல் நின்ற நெல்சன் சிலையை அந்நாட்டு அரசே 2020 நவம்பரில் இறக்கி வைத்தது. சுற்றி வாழும் மக்கள் உரிமை கொள்ளாத தூணுக்குக் கல்லின் வலிமை மட்டும் போதாது.

இனி நம் தமிழகத்துக் கடற்கரைக்கு வருவோம். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, மல்லிப்பட்டினத்தை அடுத்துக் கடலோரத்தில் மனோரா என்ற அறுகோணக் கோபுரம் எட்டு நிலைகளோடு நிற்கிறது. மினார் என்ற சொல்லே மக்கள் வாயில் மனோரா ஆயிற்று. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி அதை எழுப்பினார். அதற்கும் எடின்பரோ கோபுரத்துக்கும் மூலம் ஒரே நெடும்போர்தான். ஆங்கிலேயரின் வெற்றிகளையும் நெப்போலியனின் வீழ்ச்சியையும் நினைவுகூர ஆங்கிலேயரின் நண்பர் சரபோஜி எழுப்பியது என்று அங்குள்ள கல்வெட்டு பல மொழிகளில் கூறுகிறது. வாட்டர்லூ போரின் நினைவாக எழுந்தது என்று பலர் சொல்வர். ஆனால் கல்வெட்டிலுள்ள ஆண்டு 1814. வாட்டர்லூ போர் நடந்ததோ 1815 ஜூன் மாதத்தில். 1814 ஏப்ரலில் நெப்போலியன் முதன்முறை முடி துறந்ததையே அக்கல் குறிக்கிறது. வழிவழியாகச் சொல்லப்படுவதைக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்துக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இந்தக் கோபுரத்தை எழுப்பிய மன்னரின் நிலை என்ன? 1799 உடன்படிக்கையிலேயே தஞ்சை நாட்டின் ஆட்சியைக் கும்பினி எடுத்துக்கொண்டது. மன்னருக்கு எஞ்சியது கோட்டையும் ஓய்வூதியமும் பட்டமுமே. நாட்டை எடுத்துக்கொண்டவனின் வெற்றிக்கு, நாட்டை இழந்தவன் கோபுரம் கட்டினான். இதைச் சரபோஜியை இகழச் சொல்லவில்லை. அவர் பேணி வளர்த்த சரசுவதி மகால் நூலகம் இன்றும் தமிழகத்தின் செல்வமாக விளங்குகிறது. அறிஞர்கள் அந்த நூலகத்தின் பொருட்டே அவரை நன்றியோடு நினைக்கிறார்கள். கோபுரத்தைவிட ஏடுகளே அவருக்கு நல்ல நினைவுச் சின்னமாயின.

அப்படியானால் கல்தூணில் நம்மவர் பெயர் ஏறியதே இல்லையா? ஏறியிருக்கிறது. மகாராட்டிரத்தில் பீமா நதிக்கரையில் கோரேகான் என்ற சிற்றூர். 1818 சனவரி 1 அன்று அங்கே பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படையைக் கும்பினியின் சிறுபடை எதிர்த்து நின்றது. அச்சிறுபடையில் தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்ட மகர் வீரர்கள் பலர் இருந்தனர். 1821-இல் அடிக்கல் நாட்டி எழுப்பப்பட்ட தூணில் மாண்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அவற்றுள் 22 பெயர்கள் மகர்களுடையவை. நாக் என்று முடியும் பெயர்களால் அவர்களை அடையாளம் காண்கிறோம்.

அந்தத் தூணையும் கேள்வியின்றி வணங்கிவிடக் கூடாது. அது கும்பினி தன் வெற்றிக்காக எழுப்பியது. தேவைப்பட்டபோது மகர்களைப் படையில் சேர்த்த ஆங்கிலேய அரசே 1892-இல் அவர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. தூணில் பெயர் இருந்தும் படைவாயில் அடைபட்டது! ஆயினும் அப்பெயர்களைப் படிக்கத் தெரிந்த ஒருவர் 1927 சனவரி 1 அன்று அங்கே வந்து நின்றார். அவரே அண்ணல் அம்பேத்கர். அவருடைய தந்தை இராம்ஜி சுபேதாராகப் படையில் பணிபுரிந்தவர்; படைப்பள்ளியில் கற்பித்தவர். படையில் கிடைத்த எழுத்தறிவு ஒரு குடும்பத்தில் இறங்கி, ஒரு மக்களுக்கே விளக்காயிற்று.

அண்ணல் தூணருகே நின்றதோடு அமையவில்லை. மூன்று மாதம் முடிவதற்குள், 1927 மார்ச் 20 அன்று, மகத் நகரின் சவுதார் குளத்துக்கு மக்களை அழைத்துச் சென்று அந்நீரை அள்ளிப் பருகினார். அக்குளத்தை அனைவருக்கும் திறந்துவிட நகராட்சி முன்னரே தீர்மானித்திருந்தும், நடைமுறையில் ஒடுக்கப்பட்டோர் அணுக முடியாதிருந்தது. தூணில் படித்த பெருமை குளத்தில் உரிமையாக மாறியது. பெருமை உரிமையாக மாறவில்லையென்றால், தூண் வெயிலுக்கு ஒதுங்கும் நிழலாக மட்டுமே நிற்கும். 1945-இல் அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகமே அவர் தம் கையால் நட்ட தூண் எனலாம்.

குளம் என்றதும் நம் மண்ணின் நினைவு வருகிறது. கடல் கடந்து கடாரம் வரை கப்பற்படை செலுத்திய இராசேந்திர சோழன் தன் கங்கை வெற்றிக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் யாது? கங்கைகொண்ட சோழபுரத்து ஏரி. சோழகங்கம் என்னும் அவ்வேரியை நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. நீரைத் தூணாக எண்ணிய அக்கருத்து, வானத்தை நம்பிக் கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் விளைவிக்கும் நம்மைப் போன்றவர்க்கு உடனே விளங்கும். குண்டாற்றில் வெள்ளம் வருவது அரிது. கண்மாய் நிறைந்தால்தான் வீட்டில் அடுப்பெரியும்.

அந்தக் கண்மாய்களின் கரையைச் சுமந்து உயர்த்தியது யார்? கோடையில் தூர் வாரியது யார்? அடைமழை இரவில் நீருக்குள் மூழ்கி மடை திறந்தது யார்? நம் முன்னோர் அல்லவா? அவர்கள் காத்த நீரை அவர்களே அள்ளக்கூடாது என்று தடுத்த ஊர்கள் இருந்தன. பொதுக்கிணறும் குளமும் சாலையும் எல்லார்க்கும் உரியவை என்று 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் நம் பிரதிநிதிகள் போராடித் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒவ்வொரு கண்மாய்க்கரையும் நம்மவர் எழுப்பிய நினைவுச் சின்னமே. அதில் குறையாக இருப்பது பெயர்ப்பட்டியல் மட்டும்தான்.

நம் வட்டாரத்திலேயே மற்றொரு சான்றும் உண்டு. படையில் பணியாற்றித் திரும்பி, ஒடுக்கப்பட்டோர் உரிமைக்காக முதுகுளத்தூர், பரமக்குடி வட்டாரங்களில் உழைத்த தியாகி இமானுவேல் சேகரனார் 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்டார். ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் அவருடைய நினைவிடத்தில் திரள்கிறார்கள். 2010 அக்டோபரில் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. விரலகலத் தாளில் அச்சான படம்தான் அது. ஆனால் எந்தக் கோபுரமும் போகமுடியாத ஊர்களுக்கெல்லாம் அது மடலில் ஒட்டிக்கொண்டு போகும். பெயரையும் உடன்கொண்டு போகும். அச்சின் வலிமை அத்தகையது.

இளைஞர்களே! தூண் வேண்டுமா என்ற கேள்விக்கு இப்போது விடை கூறுகிறோம். தூண் வேண்டாம் என்பது எம் கருத்தன்று. தூணுக்கு முன் ஏடு வேண்டும் என்பதே எம் கருத்து. எடின்பரோ கல்வெட்டு ஒருவர் பெயரைச் சொல்கிறது. விக்டரி கப்பலின் பதிவேடோ 800 பேரைச் சொல்கிறது. மாண்டவர் பெயர்களைத் தாங்கிய காரணத்தால்தான் கோரேகான் தூண் நமக்குப் பாடமாயிற்று. நாம் எழுப்பும் தூணில் நன்கொடையாளர் நால்வர் பெயரும், தலைவர் ஒருவர் பெயரும் மட்டும் இருக்குமானால், நம்மைச் சிறு உருவங்களாக அடியில் நிறுத்திய பழைய ஓவியத்தையே நாமும் மீண்டும் வரைந்தவர்களாவோம்.

ஆகையால் வெள்ளிவிழா ஆண்டின் பணியாக ஒரு பெயரேட்டைத் தொகுக்க வேண்டுமெனச் சங்கத்தாரை வேண்டுகிறோம். ஒவ்வோர் ஊரிலும் முதன்முதலாகப் பள்ளியிறுதித் தேர்வு எழுதியவர் யார்? முதலில் கல்லூரி வாயிலை மிதித்த பெண் யார்? படைக்குப் போனவர், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போனவர், போய்த் திரும்பாதவர் யார் யார்? மடை திறந்தவர் யார்? தீப்பெட்டித் தொழிலிலும் பட்டாசுத் தொழிலிலும் கூலி வேலை செய்து தம்பி தங்கையரைப் படிக்க வைத்த அக்காமார் யார்? சங்கம் தொடங்கிய நாள்களில் கூலியில் ஒரு பகுதியையும், கூலியாக வந்த தானியத்தில் ஒரு படியையும் கொடுத்தவர் யார்?

இதைத் தொகுக்கும் முறையும் எளிதே. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மூத்தோரிடம் அமர்ந்து, பெயர், பிறந்த ஊர், செய்த தொழில், கற்ற கல்வி ஆகிய நான்கையும் எழுதிக்கொள்ள வேண்டும். டிரங்குப் பெட்டியில் உறங்கும் படைவிடுப்புச் சான்று, பழைய கடவுச்சீட்டு, நிலப்பட்டா, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைப் படி எடுத்துவிட்டு, மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். சொன்னவர் யார், எழுதியவர் யார், எழுதிய நாள் எது என்று அடியில் குறிக்க வேண்டும். பழைய அச்சுப்படத்தின் கீழ்விளிம்பு நமக்குக் கற்பித்த ஒழுங்கு அது. காலம் தாழ்த்தலாகாது. எழுதப்படாத முதியவர் ஒருவர் மறையும்போது, அவர் நினைவிலிருந்த ஊரும் அவருடன் மறைந்துவிடும்.

ஏடு நிறைந்த பின்னர்த் தூண் எழட்டும். அதன் அடியில் அறைகளும் எழட்டும். ஆனால் அந்த அறைகளைக் குத்தகைக்கு விடாமல், வெளியூரிலிருந்து வந்து படிக்கும் நம் பெண் பிள்ளைகள் விளக்கடியில் அமர்ந்து படிக்கும் இடமாக அவற்றை வைத்திருப்போம். மேலே பெயர்களும் கீழே படிப்போரும் இருந்தால் அதுவே நமக்கேற்ற கோபுரம்.

படிக்கத் தெரிந்த மக்களை எந்தக் கல்லும் ஏமாற்ற முடியாது. எழுதத் தெரிந்த மக்களை எந்த வரலாறும் விட்டுவிட முடியாது. நம் முன்னோர் கரை எழுப்பினர். நாம் ஏடு எழுப்புவோம்.

கல்வி வளர்க! ஒற்றுமை ஓங்குக!